அரைத் தொட்டித் தண்ணீர்

"மூலையில வெள்ளையா கறை எறங்கிக் கீதேண்ணா. ஒழுவுமா?"

"என் தலையிலகூடத்தான் வெள்ளையா எறங்கிக் கீது. ஒழுவுதா?"

நீலமேகம் மீன்தொட்டியின் மூலையைத் துணியால் அழுத்தித் துடைத்தான். காலடிப்பேட்டையில் பழைய மீன்தொட்டிகளை வாங்கி விற்கும் கடை அவனுடையது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்றிருந்த மகிழினிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அரை மணி நேரமாக இந்த மூன்றடித் தொட்டியை விட்டு அவள் நகரவில்லை.

அவள் நகரக் கூடாது என்பதுதான் அவனுக்கும் வேண்டியிருந்தது. இரண்டு முறை விற்று, இரண்டு முறையும் திரும்பி வந்த தொட்டி. மேல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே ஒட்டு விட்டுப்போய்க் கசியும். அதனால் யார் வந்து கேட்டாலும் பாதிவரைக்கும்தான் தண்ணீர் நிரப்பிக் காட்டுவான். இன்றைக்கும் அப்படித்தான். இந்தச் சனியனை மூன்றாவது முறை இந்த வாசலில் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் அவன் வேண்டுதல்.

"முழுசா ரொப்பிக் காட்டுங்களேன்."

"இது இன்னா புழல் ஏரியா, ரொம்புச்சின்னு பேப்பர்ல போட? பாதித் தண்ணி நிக்கறது கண்ணுக்குத் தெரியுதுல்ல. பாதில நிக்கிற தண்ணி முழுசா ரொப்புனா மட்டும் எழுந்து ஓடிப்பூடுமா?"

"பாத்து வாங்குன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு."

"அவருக்கு மீனப் பத்தி இன்னா தெரியும்? கொழம்புல கீறத பாத்திருப்பாரு."

மகிழினி சிரிக்கவில்லை. "புது வூட்ல ஜன்னலத் தொறந்தா அடுத்த பிளாக்கு செவுருதாண்ணா. நாள் பூரா அதையே பாத்துகினு கீறேன். இது இருந்தா கண்ணு முன்னால எதுனா அசையும்ல."

அவள் விரல், உள்ளே இல்லாத ஒரு மீனின் பின்னாலேயே கண்ணாடியில் மெல்லப் போனது. நீலமேகம் அதைக் கவனித்தான். ஆசை முத்திப்போனவர்களிடம் விற்பது அவனுக்குப் பல் விளக்குவது போல.

"அப்பால ஒழுவுனா சரி பண்ணிக்க முடியுமா?"

"உள்ள ஒரு கோடு சிலிக்கான் பசை இழுத்துடு. கொழந்தைக்கு மை வெக்கிற வேல. இதுக்குப் போயி கெடந்து பேஜார் பண்றியே."

பழைய பசையைச் சுரண்டி எடுக்காமல் மேலே பூசினால் புதியது ஒட்டாது என்று அவனுக்குத் தெரியும். சுரண்ட ஒரு முழு நாள் பிடிக்கும். இந்த ஓட்டைத் தொட்டிக்கு ஒரு நாளா?

"தண்ணி கீழ் வூட்டுக்கு எறங்குனா?"

"எறங்கட்டும். கீழ் வூட்டுக்காரன் கத்தறதுக்குன்னே பொறந்தவன். வந்து கேட்டான்னா பாத்ரூம் பைப்புல லீக்குன்னு சொல்லு. அவன் இன்னா இஞ்சினீரா? வாளிய வெச்சிகினு கம்முனு கெடப்பான்."

"பாவம்ணா."

"பாவம் பாத்தா மீன் வளக்க முடியாதும்மா. போ, போயி செவுத்தப் பாத்துகினு குந்து."

அந்த வார்த்தை வேலை செய்தது. அவள் பையைத் திறந்து பணத்தை எடுத்தாள்.

நீலமேகம் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தானே தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். இரு பக்கமும் கிழிந்த தலையணை செருகிக் கயிறு கட்டினான். எந்தப் பொருளையும் இவ்வளவு மரியாதையோடு அவன் வழியனுப்பியதில்லை.

"எங்க எறக்கணும்னு சரியா சொல்லும்மா. இந்த ஆட்டோக்காரன் ஊரையே சுத்துவான்."

"மார்க்கெட்டுக்குப் பின்னால, பி பிளாக்கு, ரெண்டாவது மாடி. முந்தாநாள்தான் குடி வந்தோம். நேர் கீழ் வூட்டுக் கதவுல உங்க கடை ஸ்டிக்கர் ஒட்டிக் கீதுண்ணா. அதப் பாத்துதான் தேடிகினு வந்தேன்."

நீலமேகத்தின் கை கயிற்றிலேயே நின்றது. கடை ஸ்டிக்கரை அவன் இதுவரை ஒரே ஒரு கதவில்தான் ஒட்டியிருந்தான், அவன் வீட்டுக் கதவில்.

"அவரு உங்களுக்குத் தெரிஞ்சவராத்தான் இருப்பாரு. இந்தத் தொட்டி ஒழுவாதுன்னு அவர்கிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லி வெக்கிறீங்களாண்ணா?"