கேமராவுக்கு ஒரு பொட்டு

கேளம்பாக்கத்து ஆபீசில் ஆயுத பூஜை. சாம்பிராணிப் புகையில் டியூப்லைட்டுகள் மங்கித் தெரிகின்றன. இதே கம்பெனியில் பதினோரு வருஷம், டெஸ்டிங்கில் தொடங்கி மேனேஜர் வரை அடுத்தவர் உழைப்பிலேயே ஏறி, போன வாரம் ஏஐ பிரிவுக்கும் தலைவராகிவிட்ட சிட்டிபாபு, பட்டு வேட்டி வழுக்க வழுக்க, முகம் பார்த்துத் திறக்கும் புதுக் கதவுக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறார். அந்தக் கதவுக்கு முகம் பார்க்கக் கற்றுக்கொடுத்த ஜான்சி, பொரித்தட்டோடு ஓரமாய் நிற்கிறாள். சந்தனம் சரியாகக் கேமராக் கண்ணின் மேலேயே அப்பியிருக்கிறது. அதன்மேல் குங்குமம் வேறு. "இப்ப பாருங்க சார்" என்று எம்டியைக் கூட்டிவந்து கதவின் முன் நிறுத்துகிறார் சிட்டிபாபு. சிவப்பு விளக்கு எரிகிறது; கதவு திறக்கவில்லை. எம்டியைக் கண்ணாடி கழற்றச் சொல்கிறார், கொஞ்சம் குனியச் சொல்கிறார். மறுபடியும் சிவப்பு. எம்டியின் புருவம் ஏறுகிறது. "ஜான்சியோட மாடல்தான் சார் வீக்கு. அப்பவே சொன்னேன். ரெண்டு வாரம் ரீட்ரெயின் பண்ணணும்." அந்தச் சந்தனத்தை ஒரு விரலால் துடைத்தால் போதும். ஜான்சி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். "ரெண்டு வாரம் எதுக்கு சார்? ஏஐ ஹெட் நீங்கதானே, எம்டி முன்னாடியே சரிபண்ணிக் காட்டுங்க."