ஐந்தாவது வாய்ப்பு

“அஞ்சு வாய்ப்புதான். ஆறாவது கெடையாது” என்றான் அருள்செல்வன்.

“அஞ்சே போதுங்க” என்றாள் அவன் மனைவி கலைமகள்.

“தோத்துட்டு அப்புறம் அழுகக் கூடாது.”

“அழுவறது நானில்லீங்க. நான் ஜெயிச்சா நாளையிலிருந்து நீங்கதான் பீத்துணி அலசோணும்.”

அவன் பழைய லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினான். தொட்டிலில் சிணுங்கிய குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

நாளை திங்கள்கிழமை. கலைமகளின் பிரசவ விடுப்பு இன்றோடு முடிகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள இரண்டு வீட்டிலும் ஆளில்லை. யாராவது ஒருவர் ஒரு வருடம் வேலையை விட வேண்டும்.

பனியன் கம்பெனியில் கலைமகளுக்குத் துணி செக்கிங். திரும்பி வந்தால் இன்சார்ஜ் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மங்கலம் ரோட்டில் அருள்செல்வனுக்கு நிட்டிங், மெஷினில் துணி பின்னும் வேலை. அங்கே புது மெஷின் நான்கு இறங்கியிருந்தது. அதைப் பற்றிப் பேசாமல் அவன் ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

ஒரு வாரம் பேசியும் முடிவாகவில்லை. கடைசியில் அவன்தான் சொன்னான்: “கம்ப்யூட்டர்கிட்ட உட்ருவோம். அதுக்கு உன் கட்சி என் கட்சி கெடையாது.”

ஒன்றிலிருந்து நூறுக்குள் கணினி ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும். அவள் கண்டுபிடித்தால் அவள் வேலைக்குப் போவாள். இல்லையென்றால் அவன்.

விளையாட்டை எழுதியவன் அவன்தான். இரண்டு மாதமாக செல்போனில் வீடியோ பார்த்து நிரல் எழுதப் பழகுகிறான். முதலில் எழுதியது ‘பாப்பா’ என்று ஒரு தடவை காட்ட வேண்டிய நிரல். அது நிற்காமல் பாப்பா, பாப்பா என்று ஓடிக்கொண்டே இருந்தது. “மெஷினா இருந்தா இந்நேரம் ஒரு ரோல் துணி எறங்கியிருக்கும்” என்றாள் கலைமகள்.

“இதுவும் அது மாதிரி ஓடுச்சுன்னா?” என்றாள் இப்போது.

“ஓடாது. நேத்து பத்துத் தடவ பாத்துட்டேன். அடி.”

அவள் 50 அடித்தாள்.

இன்னும் பெரியது, என்றது திரை.

75.

இன்னும் சிறியது.

“பாதி பாதியா வெட்டறயே, யார் சொல்லிக்குடுத்தது?”

“மெஷின் ஊசி ஒடஞ்சா துணியில ஊசிக்கோடு உழுகுமில்லீங்க, அது எங்க ஆரம்பிக்குதுன்னு இப்படித்தாங்க தேடுவோம். ரோல நடுவுல பிரிச்சுப் பாப்போம். அங்க கோடு இருந்தா முன்பாதியில தேடோணும், இல்லீன்னா பின்பாதியில.”

62.

இன்னும் பெரியது.

“ஆம்பள ஊட்டுல இருந்தா ஊரே சிரிக்குமுங்க” என்றாள், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

“நான் தோத்தாத்தான சிரிக்கும்?”

68.

இன்னும் பெரியது.

அறுபத்தொன்பதிலிருந்து எழுபத்து நான்கு வரை. ஆறு எண்கள். ஒரு வாய்ப்பு.

அருள்செல்வன் குழந்தையைத் தட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நான் பாக்கல. நீயே அடி.”

அவன் தோளில் குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. சட்டையில் எச்சில் ஒழுகியிருந்தது. கலைமகள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு தட்டினாள்.

குனிந்து திரையை மறுபடி படித்தாள்.

“என்னாச்சு?” என்றான் திரும்பாமல்.

“சரியான விடைங்குதுங்க.”

“ஜெயிச்சுட்ட!” அவன் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. “நாளைக்கு எட்டரைக்குக் கெளம்பீரோணும். டிபன் பாக்ஸ் நான் கட்டித் தாரேன்.”

கலைமகள் சிரிக்கவில்லை. லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

“அறுபத்தெட்ட விடப் பெருசுன்னு சொல்லுச்சு. நான் ஏழு அடிச்சேன். ஏழு எப்படிங்க சரியாகும்?”

அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“நீ எதுக்கு ஏழு அடிச்ச?”