தேன்நிறக் கைப்பை

தோல் பைகளைத் துடைத்துப் புதுசாக்கித் தரும் ஹெலன், எந்தப் பையானாலும் முதலில் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் துளி கிரீம் தடவிப் பார்ப்பாள். இந்தத் தேன்நிறப் பையின் அடி மூலையில் தடவியதும் அந்த இடம் சிலிர்த்து, புள்ளி புள்ளியாக எழும்பியது. குளிருகிறதோ என்னவோ. கிரீமை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித் தடவினாள், அடங்கியது. பக்கவாட்டில் இருந்த நகக்கீறல்களை வலிக்காமல் பஞ்சால் ஒற்றினாள். பிறகு பை அவள் மடியில் இளஞ்சூடாகக் கிடந்தது.

சாயங்காலம் பைக்குச் சொந்தக்காரி வந்தாள். அவள் கை நீட்டியதும் பை முழுக்கச் சிலிர்த்தது.

சொன்ன நாள் தவறாத ஹெலன் பையை இறுக்கிக்கொண்டாள். "இன்னும் காயல மேடம். அடுத்த வாரம் வாங்க."

"முன்னாடி துடைச்ச பொண்ணும் இதையேதான் சொன்னா" என்ற அவள், ஹெலனின் கையைத் தூக்கி, முழங்கைக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், விரலால் தடவிப் பார்த்தாள்.