ஜெனரல் விட்ட கொட்டாவி

“பரம்பரைத் தொழில், முதலாளி. பாட்டன், முப்பாட்டன் எல்லாருமே மில்லுல உழைச்சவங்க. ஒருத்தரும் லீவு கேட்டதில்ல.”

மாவு மில் முதலாளி தலையாட்டினார். நாய்க்காரர் கூடையைத் திறந்ததும் அந்த உழைப்பாளி எட்டிப் பார்த்தது. பட்டு மயிர், பூனையைவிடச் சின்ன உடம்பு, யானைக்குரிய திமிர். யார்க்‌ஷயர் டெரியர். பெயர் ஜெனரல்.

“இது மடியில வெச்சுக் கொஞ்சுற நாயாச்சே?”

“அது பிற்பாடு பணக்காரங்க பண்ணின கூத்து. நெசவாலைக்காரங்க எலி பிடிக்கன்னே வளர்த்த இனம் இது. சுவத்துக்கு அந்தப் பக்கம் எலி மூச்சு விட்டாக்கூடத் தோண்டி எடுக்காம நகராது.”

இன்று ஓர் எலி சிக்கினால், மில்லின் குடோன்களுக்கெல்லாம் இவர் வளர்க்கும் குட்டிகள்தாம் என்று பேச்சு. சிக்காவிட்டால் மைத்துனன் வாயில் விழ வேண்டும். நாய்க்காரர் மனைவியின் தம்பியான அவன் அந்த மில்லில்தான் வேலை பார்த்தான்; குடோன் சாவி அவன் கையில்தான் இருந்தது. அவனுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை.

“எதுக்கு மாமா இந்தப் பொம்மையத் தூக்கிட்டு வந்தீங்க? போன மாசம் ஒரு பூனைய விட்டோம். கொழுகொழுன்னு வந்தது, எலும்பும் தோலுமா ஓடிப்போச்சு. மூட்டை மூட்டையா தின்னு தீர்க்கிற எலிங்க. இதை விட்டு வைக்குமா?”

“நீ கதவைத் திற மாப்ள.”

ஜெனரல் உள்ளே பாய்ந்தது. மூட்டைச் சந்து, பலகைக்கு அடி, மூலைமுடுக்கு எல்லாம் மோந்தது. பிறகு நட்டநடுவில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

“தேடுடா கண்ணா,” என்றார் நாய்க்காரர். ஜெனரல் பின்னங்காலை நக்கியது. “டேய், முதலாளி பார்க்கிறாருடா.” அது சுருண்டு படுத்தது.

நாய்க்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. வீட்டில் தபால்காரர் முதல் தட்டான்பூச்சிவரை எதையும் விடாது. சோபாவுக்கு அடியில் பந்து போனால் தரையையே பெயர்க்கும். இன்றைக்கென்று துறவறம் பூண்டுவிட்டது. அவர் மூட்டைக்குப் பின்னால் மண்டியிட்டு, தானே கீச்கீச்சென்று கத்திப் பார்த்தார். ஜெனரல் ஒரு கண்ணைத் திறந்து, அவருக்காக வருத்தப்பட்டு, மூடிக்கொண்டது.

“பாட்டன் எடுக்காத லீவையெல்லாம் பேரன் எடுக்கிறான் போல, மாமா,” என்று மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“நம்புங்க முதலாளி,” என்று நாய்க்காரர் எழுந்து வந்தார். “எலின்னு ஒண்ணு இருந்தா இவன் படுக்கவே மாட்டான்.”

முதலாளி குனிந்து ஜெனரலின் தலையைத் தடவிக் கொடுத்தார். நிமிர்ந்தபோது அவர் பார்வை நாய்க்காரரைத் தாண்டி, சிரித்துக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றது.

“அப்ப, அத்தனை மூட்டையையும் தின்னது யாருப்பா?”