பத்துக்குப் பத்து

“ரூப்ரிக் இல்லாம இனிமே ஒரு நோட்டக்கூடத் திருத்த மாட்டேன் சார்” என்றாள் ஜெபா.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய அரசுப் பள்ளி. வடிவத்துக்கு இவ்வளவு, பிழையின்மைக்கு இவ்வளவு என்று கட்டம் போட்டுத் திருத்தும் அந்த முறை எப்படி இருக்கிறது என்று, பயிற்சிக்கு வந்திருந்த பி.எட். மாணவர்களைப் பேராசிரியர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

“வகுப்புல பயிற்சிக்கு எழுதச் சொன்ன நாப்பது விடுப்புக் கடிதத்த ஒரே மணி நேரத்துல முடிச்சிட்டேன் சார்.”

“கட்டத்தையே பாத்துக்கினு இருந்தா, புள்ள இன்னா எழுதியிருக்குன்னு யாரு பாக்கறது?” என்றான் உடன் பயிலும் எபினேசர்.

“சும்மா பேசாத. இந்தா, நீயே பாரு.”

ஒன்பதாம் வகுப்பு பூமிகா திங்கட்கிழமை எழுதிய தாளை நீட்டினாள். வடிவம், எழுத்து, காரணத் தெளிவு, எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். கீழே சிவப்பு மையில் ‘மிக நன்று’.

படிக்கப் படிக்க எபினேசரின் முகம் மாறியது.

“ஜெபா, இத முழுசாப் படிச்சியா?”

“படிக்காமயா மார்க் போடுவாங்க?”

அவன் உரக்கப் படித்தான்.

“வரும் வியாழக்கிழமை எனக்கும் என் மாமாவுக்கும் கல்யாணம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். அப்பா வந்து விடுப்பு கேட்பார். தயவுசெய்து கொடுக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

“அந்தப் பொண்ணு இன்னைக்கு வந்துச்சாம்மா?” என்றார் பேராசிரியர்.

ஜெபா வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். மூன்று நாளாகப் பூமிகாவின் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டுவந்தது அவள்தான்.

அன்று வெள்ளிக்கிழமை.