முன் சீட்

“வண்டியைப் பார்த்ததும் பல்லைக் காட்டிடாதே. அப்புறம் விலை குறையவே குறையாது!”

காரை ஓட்டிக்கொண்டே அண்ணன் மறுபடியும் எச்சரித்தார்.

பின் சீட்டில் தங்கச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஸ்கூட்டரில் மழைக்கு நனைந்து வெயிலுக்குக் காய்ந்தவள். இன்றைக்குச் சொந்தமாக ஒரு கார் பார்க்கப் போகிறார்கள். பழைய கார்தான், குட்டிக் கார்தான். இருந்தால் என்ன? அண்ணி மாதிரி முன் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கி... நினைக்கும்போதே சிரிப்பு பொங்கியது. பக்கத்திலிருந்த கணவரின் கையைக் கிள்ளினாள்.

அண்ணனின் போன் அடித்தது. ஒரு பார்வை பார்த்துவிட்டு கட் செய்தார்.

“யாருங்க?” என்றாள் முன் சீட்டிலிருந்த அண்ணி.

“கார் கம்பெனிக்காரங்க. வண்டியைக் கொண்டு வாங்க, கொண்டு வாங்கன்னு ஒரே தொல்லை. போனா நம்ம தலையில மிளகாய் அரைப்பாங்க. எனக்கா தெரியாது?”

அண்ணனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அதுவும் இந்த மாடல் காரைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம்.

காரை விற்பவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் பல்லையே பார்த்துச் சலித்து, தன் பல்லை யாருக்கும் காட்டுவதில்லை என்று முடிவு கட்டியவர் போல வாசலில் நின்றிருந்தார். அவர் பின்னால், செக்கச் செவேலென்று அந்தக் கார்.

“ஐயோ, எவ்வளவு அழகு!”

தங்கச்சி பல்லைக் காட்டிவிட்டாள். அண்ணன் முறைத்தார். பிறகு காரைச் சுற்றி வந்து விசாரணையை ஆரம்பித்தார்.

“என்கிட்டயும் இதேதான் சார், இதே வருஷத்து வண்டி. எனக்கு எல்லாம் அத்துப்படி. கண்ணாடி பாதியில சிக்குமே?”

“சிக்கும்.”

“மேடு ஏறினா ஏசி படுத்துக்குமே?”

“படுத்துக்கும்.”

“டிக்கியில மழைத்தண்ணி இறங்கும்?”

“இறங்கும். துணி போட்டு வச்சிருக்கேன்.”

இப்படி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? அண்ணனுக்கு சப்பென்று ஆகிவிட்டது.

“சரி, ஓட்டிப் பாத்துடலாம் மாப்பிள்ளை.”

கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். தங்கச்சி துள்ளிக்கொண்டு ஓடி, முன் கதவில் கை வைத்தாள்.

“அங்கே வேண்டாம். பின்னாடி ஏறுங்க,” என்றார் டாக்டர்.

“இல்ல சார், நான் அவர் பக்கத்துல...”

“அந்த சீட்ல யாரும் உக்காரக் கூடாது.”

குரலில் அப்படி ஒரு கண்டிப்பு. தங்கச்சியின் முகம் வாடிவிட்டது.

டாக்டரின் மனைவியோடு பேச்சில் இறங்கிவிட்ட அண்ணி வாசலிலேயே தங்கிவிட்டாள். மற்ற மூவரும் பின்னால் நெருக்கியடித்து ஏறினார்கள். அண்ணனின் தொப்பைக்கே தனி சீட் வேண்டும். நடுவில் மாட்டிய டாக்டருக்கு மூச்சுத் திணறியது. முன் சீட் மட்டும் காலியாக, ஜோராக ஊர்வலம் போனது.

“மகாராஜா யாராவது வந்து உக்காருவார் போல,” என்று முணுமுணுத்தார் அண்ணன்.

ஆனால் வண்டி! வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

“என்னமா போகுது பாரு!” என்று கத்தினார் கணவர். தங்கச்சிக்குக் கோபம் பறந்துவிட்டது. திரும்பி வந்ததும் விலையும் படிந்துவிட்டது.

“அப்போ இப்பவே எடுத்துட்டுப் போறோம் சார்!”

“இப்ப தர முடியாது. அடுத்த வாரம் வாங்க.”

அண்ணனுக்கு வந்ததே கோபம்!

“வேற பார்ட்டி மாட்டியிருக்கா? அதானே பாத்தேன்! என் தங்கச்சி உக்காந்தா உங்க சீட் தேஞ்சுடுமா? நாங்க என்ன தெருவுல போறவங்களா?”

தங்கச்சியின் கண் கலங்கியது. டாக்டர் திகைத்துப் போனார்.

“அந்த சீட்டுக்கு எதிர்ல இருக்கற ஏர்பேக்ல கோளாறுங்க. எங்கேயாவது மோதினா பை விரியறதோட நிக்காதாம். உள்ளே இருக்கற இரும்பு வெடிச்சு, உக்காந்திருக்கறவங்க முகத்துலயே தெறிக்குமாம். அந்த வருஷத்து வண்டி எல்லாத்தையும் கம்பெனி திரும்பக் கூப்பிடுது. இலவசமாவே மாத்தித் தராங்க. எனக்கு அடுத்த வாரம்தான் தேதி கிடைச்சுது. அதுக்குள்ள எப்படிச் சாவியைக் கொடுப்பேன்? இந்தப் பொண்ணு வந்ததுலேருந்து அந்த சீட்டையேதான் பாத்துட்டிருக்கு!”



“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?” என்றார் கணவர் மெதுவாக.

“உங்க மச்சான்தான் இதே வருஷத்து வண்டி, எல்லாம் அத்துப்படின்னாரே. கம்பெனியிலேருந்து விடாம போன் பண்ணுவாங்களே! அவர் உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நெனச்சேன்.”

அண்ணனின் கண் தன் காரின் பக்கம் போனது.

தங்கச்சிக்கோ தலைகால் புரியவில்லை. “அடுத்த வாரம் கண்டிப்பா வரோம் சார்! வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க!” என்று குதித்தாள். அந்தத் துள்ளலைப் பார்த்து டாக்டர்கூடப் பல்லைக் காட்டினார்.

அதற்குள் அண்ணி பேச்சை முடித்துக்கொண்டு வந்து, வழக்கம்போலத் தங்கள் காரின் முன் கதவைத் திறந்தாள்.

அண்ணன் பாய்ந்து வந்து கதவைச் சாத்தினார்.

“நீ பின்னாடி ஏறு.”

“ஏனாம்? வாங்கின நாள்லேருந்து அது என் இடம். இன்னிக்கு என்ன புதுசா?”

அண்ணன் போனை எடுத்து, வரும்போது கட் செய்த அந்த நம்பரை அவசரமாகத் தேட ஆரம்பித்தார்.