பன்னிரண்டாம் நாள்

ஆயா சகாயமேரி கதவுக்கு வெளியே நின்றாள். இன்று உள்ளே போகக் கூடாது.

உள்ளே, பாயில், உமையாள் விளையாட்டுச் சாமான்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள். குழந்தை நிலவரசியைத் தத்தெடுக்கப் போகிறவள். பன்னிரண்டு நாளாகத் தினமும் காப்பகத்துக்கு வருகிறாள்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. கையெழுத்து, ஒரு புகைப்படம், வாசலில் கார். ஒரு மணி நேரத்தில் குழந்தை போய்விடும்.

குழந்தை வளர்ச்சி பார்க்க வந்த மருத்துவர்தான் மாற்றினார். அன்று நிலவரசிக்குப் பத்து மாதம். முன்பின் பார்த்திராத அவரிடம் கை நீட்டித் தாவினாள்.

“யாருகிட்டன்னாலும் போவா, டாக்டர். நல்ல புள்ள.” சகாயமேரி பெருமையாகச் சொன்னாள்.

“அவளுக்குன்னு ஒரு ஆள் இல்லன்னு அர்த்தம்மா.”

மறுநாளிலிருந்து நிலவரசிக்கு சகாயமேரி மட்டும். குளிப்பாட்ட, ஊட்ட, தூங்கவைக்க.

மூன்று மாதத்தில், அவள் துணி காயப்போடப் போனதற்கே குழந்தை கதறியது.

“செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட” என்றார்கள் மற்ற ஆயாக்கள்.

மருத்துவர் அந்தக் கதறலை நல்ல அறிகுறி என்று நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டார்.

அந்தக் குழந்தையைத்தான் இப்போது இன்னொருத்தியிடம் பழக்க வேண்டும்.

உள்ளே எவர்சில்வர் டம்ளர் ஒன்று உருண்டு விழுந்தது. குழந்தை திடுக்கிட்டது. உதடு பிதுங்கியது. கதவைப் பார்த்து அழுதது.

சகாயமேரியின் ஒரு கால் நிலைப்படியைத் தாண்டிவிட்டது.

“அக்கா, உங்களத்தான் தேடுறா. நான் தூக்குனா இன்னும் அழுவா.”

“அழட்டும்மா. நீங்க தூக்குங்க.”

காலைப் பின்னுக்கு எடுத்தாள்.

உமையாள் தூக்கினாள். குழந்தை முதுகை வளைத்துத் திமிறியது. அவள் விடவில்லை. தாலாட்டு எதுவும் தெரியாது போலிருக்கிறது. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அழுகை விக்கலானது.

பிறகு அந்தச் சின்ன முகம் புதுக் கழுத்தில் புதைந்துகொண்டது.

சகாயமேரி கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

நேற்று வந்த ஆண் குழந்தை தொட்டிலில் விழித்துக் கிடந்தான். பசிக்கும் நேரம்தான். அழவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் உள்ளங்கையில் ஒரு விரலை வைத்தாள்.

அவன் பிடிக்கவில்லை.

அவள் விரலை எடுக்கவில்லை.